பேரரசர் நம்பாத காகிதம்

போன வாரம் பொம்பேயில், எரிமலைச் சாம்பலுக்கு நடுவே உங்களை நிறுத்திவிட்டு வந்திருந்தேன். இந்த வாரம் அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இறங்குகிறோம். ஊரின் பெயர் அமால்ஃபி. இத்தாலியின் தென்மேற்குக் கடற்கரையில், மலை நேராகக் கடலில் வந்து விழும் இடத்தில், கைப்பிடி வீடுகளை அள்ளிச் சரிவில் ஒட்டவைத்தது போன்ற ஊர். சுமார் 5,000 பேர் வாழ்கிறார்கள். ஒருகாலத்தில் எகிப்து, சிரியா வரை கப்பல் அனுப்பிய கடல் குடியரசு என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

இங்கே எல்லோரும் வருவது கடலுக்காக, எலுமிச்சைக்காக, பேராலயத்தின் உயரமான படிக்கட்டில் நின்று போட்டோ எடுப்பதற்காக. நாங்கள் வந்தது காகிதத்துக்காக. நாங்கள் என்றால் நானும் அத்தையும். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், வயது 74. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பத்திரங்களோடு வாழ்ந்தவர். அவர் சேர்ந்த காலத்தில் ஜெராக்ஸும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. யார் என்ன பத்திரம் கொண்டுவந்தாலும் அதை ஓர் எழுத்து விடாமல் கையாலேயே தடிப்புத்தகத்தில் நகல் எழுத வேண்டும். சொத்துப் பத்திரங்களுக்கு 1-ம் புத்தகம், உயில்களுக்கு 3-ம் புத்தகம். யாராவது வில்லங்கம் போட்டுப் பார்க்க வந்தால், அந்தப் பழைய புத்தகங்களை இறக்கிப் புரட்ட வேண்டும். புரட்டினால் ஓரம் உதிரும்.

"அப்பளம் மாதிரி நொறுங்கும்டி. பக்கத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி சாமியக் கும்பிட்டுக்குவேன்" என்பார்.

அதனால்தான், அமால்ஃபியில் பழைய காலத்துக் கைக்காகித ஆலை ஒன்று இருக்கிறது, பார்க்கலாமா என்று நான் கேட்டபோது, கடலையே பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

ஆலைக்குப் போக வேண்டுமென்றால் பேராலயச் சதுக்கத்திலிருந்து ஊரின் ஒரே பெரிய தெருவில் மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். சும்மா தெரு அல்ல. அதற்கு அடியில் கன்னெத்தோ என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின்மேல் மூடி போட்டுத் தெருவாக்கிவிட்டார்கள். வழியில் ஒரு குடிநீர்த் தொட்டிக்குள் குட்டிக் குட்டி மண்பொம்மைகளை வைத்து கிறிஸ்து பிறந்த காட்சியை அமைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கொலுவைத் தண்ணீருக்குள் இறக்கிவைத்தது போல இருந்தது. அத்தை அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டார். ஒருகாலத்தில் சுமை தூக்கி வந்த கழுதைகள் தண்ணீர் குடித்த இடமாம் அது.

கடைகள் குறைகின்றன, எலுமிச்சை மணம் கூடுகிறது, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அந்தப் பகுதிக்கே 'மில்களின் பள்ளத்தாக்கு' என்றுதான் பெயர். இருபுறமும் செங்குத்தான மலை. ஆற்றின் வேகத்தை நம்பி வரிசையாகக் காகித ஆலைகள் இருந்திருக்கின்றன. இப்போது பெரும்பாலானவை செடி முளைத்த சுவர்கள். அந்த வரிசையில் உயிரோடு நிற்கும் ஒன்றுதான் இன்று காகித அருங்காட்சியகம். வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, படிகளில் இறங்கி, ஈரக் கல் வாசனை அடிக்கும் நிலவறைக்குள் போக வேண்டும்.

கந்தலில் ஆரம்பம்

காகிதம் என்றால் நமக்கு மரம்தான் ஞாபகம் வரும். இந்த ஆலையில் மரத்துக்கு வேலையே இல்லை. கச்சாப்பொருள் கந்தல் துணி. லினன், சணல், பருத்தி. கிழிந்த சட்டை, நைந்த படுக்கை விரிப்பு, பழைய பாய்மரத் துணி, கயிறு. சீனாவில் கி.பி. 105-ல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி அரசருக்குக் காகிதம் செய்து காட்டியதாகச் சொல்கிறார்களே, அவருடைய கலவையிலும் மரப்பட்டையோடு கந்தலும் பழைய மீன்வலையும் இருந்தன. அந்தக் கலை மத்திய ஆசியா வழியாக அரேபியர் கைக்குப் போய், அவர்களோடு வியாபாரம் செய்த அமால்ஃபிக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊர்க் காகிதத்துக்கு 'பம்பாஜீனா' என்று பெயர். சிரியாவில் இருந்த பம்பிகே என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் என்று ஒரு கருத்து உண்டு.

அத்தை இன்றைக்கும் 'கடுதாசி' என்றுதான் சொல்வார். போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல் என்பார்கள். 'காகிதம்' பாரசீகத்திலிருந்து வந்தது. இத்தாலிக்காரர்கள் 'கார்த்தா' என்கிறார்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய இளைஞர் ஒவ்வொரு முறை 'கார்த்தா' என்றபோதும் அத்தை "ஆமா, கடுதாசி" என்று தலையாட்டினார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

கந்தல் வந்ததும் முதல் வேலை பிரிப்பது. வெள்ளை ஒருபக்கம், சாயம் போட்டது ஒருபக்கம். பொத்தான், கொக்கி, தையல் எல்லாம் பிடுங்க வேண்டும். பிறகு சின்னத் துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். தூசியும் நாற்றமும் சேர்ந்த இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. எந்தெந்த வீட்டு, எந்தெந்த நோயாளியின் துணியோ! மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்திருப்பார்கள். தொட்டியில் நின்று காகிதம் தூக்கும் ஆணின் படம்தான் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. கந்தல் பிரித்த பெண்ணின் படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் கந்தலுக்கு எவ்வளவு கிராக்கி என்றால், 1660-களில் இங்கிலாந்தில் இறந்தவர்களைக் கம்பளித் துணி சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான். ஆனால் மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய லினன் துணி காகித ஆலைக்கு மிஞ்சியது.

பிரித்த கந்தலை ஊறவைத்து, மட்கவைத்து, பிறகு இடிக்க வேண்டும். இடிக்கும் இடத்துக்கு வந்ததும் அத்தை சிரித்துவிட்டார். "இது நம்ம உரலும் உலக்கையும்தானே!"

அதேதான். நீளமான கல் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் வரிசையாகக் கனத்த மரச் சம்மட்டிகள், நுனியில் இரும்பு ஆணிகள். வெளியே ஆற்று நீர் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் தடித்த மர அச்சில் முளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முளை வந்து சம்மட்டியின் வாலைத் தட்டும்போது தலை மேலே எழும்புகிறது. முளை நழுவியதும் 'தொம்' என்று விழுகிறது. இளைஞர் மதகைத் திறந்து தண்ணீரை விட்டார். நிலவறையே அதிர்ந்தது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. காலையிலிருந்து இரவுவரை இந்தச் சத்தத்தில் நின்று வேலை செய்தவர்களின் காதுகள் என்ன ஆகியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

தண்ணீரே உலக்கை போடும் இந்த ஏற்பாட்டின் பெருமை, இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள ஃபாப்ரியானோ என்ற ஊருக்குப் போகிறது. 13-ம் நூற்றாண்டில் அவர்கள்தான் காகிதத்தில் நீர்க்குறி போடவும், மாவுப் பசைக்குப் பதிலாக விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையைப் பூசவும் ஆரம்பித்தார்கள். அமால்ஃபிக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் கொஞ்சம் சுருங்கும். இங்கே யார் முதல் என்ற சண்டை, திருநெல்வேலி அல்வாவில் எந்தக் கடை ஒரிஜினல் என்பது மாதிரி. முடியாது.

தோலில் எழுது

இப்போது தலைப்பில் உள்ள பேரரசருக்கு வருவோம்.

1231-ல் தென் இத்தாலியை ஆண்டவர் இரண்டாம் ஃபிரெடரிக். புனித ரோமானியப் பேரரசர், சிசிலியின் அரசர். மெல்ஃபி என்ற ஊரில் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரு பிரிவு பத்திரம் எழுதுவது பற்றியது. இனிமேல் பத்திரங்களைத் தோலில்தான் எழுத வேண்டும், காரணம் அவை பல காலம் நிலைத்து நிற்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நேப்பிள்ஸ், சொரெந்தோ, நம்முடைய அமால்ஃபி ஆகிய ஊர்களின் பெயரைச் சொல்லி, அங்கே காகிதத்தில் எழுதி வைத்திருப்பதையெல்லாம் இரண்டு வருடத்துக்குள் மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊர் எழுத்தர்கள் பயன்படுத்திய சிக்கலான எழுத்து யாருக்கும் புரியவில்லை, அதையும் விட்டுவிட்டு எல்லோருக்கும் புரிவது போல எழுதுங்கள் என்றது.

அத்தைக்கு இதைச் சொன்னதும் நிலவறையில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "பத்திர எழுத்தர் கையெழுத்து புரியலைன்னு அப்பவே புகாரா? எங்க ஆபீஸுக்கு வந்திருக்கணும் அந்த ராஜா."

சிரிப்பு அடங்கியதும், "ஆனா அவர் சொன்னது நியாயம்தான். பத்திரம்னா நாலு தலைமுறை நிக்கணும்" என்றார்.

பேரரசரின் பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்கு தப்பிவிட்டது. அவருடைய அலுவலகமே கடிதப் போக்குவரத்தைக் குறித்துவைக்கக் காகிதத்தைப் பயன்படுத்தியது. 1239, 1240-ம் ஆண்டுகளுக்கான அந்தக் காகிதப் பதிவேடு நேப்பிள்ஸ் ஆவணக் காப்பகத்தில் 700 வருடங்கள் பத்திரமாக இருந்தது. 1943 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக ஒரு கிராமத்து மாளிகைக்குக் கொண்டுபோய் வைத்திருந்த ஆவணங்களுக்கு ஜெர்மன் வீரர்கள் தீ வைத்தார்கள். அதில் போனது. காலம் தொடாத காகிதத்தை மனிதன் கொளுத்தினான். தோலில் எழுதியவையும் அதே தீயில் வெந்தன.

தொட்டியின் முன்னால் அத்தை

இடித்து முடித்த கூழ், ஓடு பதித்த ஒரு தொட்டிக்குப் போகிறது. பார்த்தால் நீர்த்த கஞ்சி மாதிரி இருக்கிறது. தண்ணீர்தான் அதிகம், நார் மிகக் கொஞ்சம். தூக்குபவர் கையில் செவ்வகமான சல்லடைச் சட்டம். நெருக்கமாக இழுத்துக் கட்டிய பித்தளைக் கம்பிகள், அதன்மேல் கம்பியால் வளைத்துத் தைத்த ஒரு சின்னம். சட்டத்தைச் செங்குத்தாக முக்கி, உள்ளேயே படுக்கவைத்து, சமமாக மேலே தூக்கி, முன்பின்னாக, இடவலமாக ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். தண்ணீர் வடிந்துவிடும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே தங்கும். அதுதான் காகிதம். அந்த ஓர் ஆட்டு சரியாக வராவிட்டால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை.

கம்பிச் சின்னம் இருக்கும் இடத்தில் நார் கொஞ்சம் மெலிதாகப் படியும். காய்ந்தபின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த உருவம் தெரியும். ரூபாய் நோட்டில் காந்தியைத் தேடுகிறோமே, அதற்கு மூதாதை இதுதான்.

பார்வையாளர்களும் ஒரு தாள் தூக்கிப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு முன்னால் அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டார். முதல் தடவை பாதி கூழ் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. இளைஞர் அதைத் திரும்பத் தொட்டியிலேயே கொட்டிக் கலக்கினார். எழுதும் வரைக்கும் காகிதத்தில் எந்தத் தவறையும் அழித்துவிடலாம். இரண்டாவது தடவை அத்தை சட்டத்தைத் தூக்கியபோது, மணிக்கட்டு தானாக ஒரு அரைவட்டம் போட்டது. தோசைக் கல்லில் மாவை இழுத்த கை. இளைஞர், "பிராவா, பிராவா!" என்று கைதட்டினார்.

சட்டத்தைக் கம்பளித் துணியின்மேல் கவிழ்த்து அழுத்தினால் ஈரத்தாள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு கம்பளி, இன்னொரு தாள். இப்படி அடுக்கி, பெரிய மரத் திருகு அழுத்தியில் வைத்து, பல பேர் சேர்ந்து நெம்பி இறுக்குவார்கள். நீர் பீறிட்டுக் கொட்டும். பிறகு தாளைப் பிரித்து மேல்மாடியில் காற்றோட்டமாகக் காயப்போட வேண்டும். இந்த ஆலைகளின் மேல்தளத்தில் வரிசை வரிசையாக ஜன்னல்கள் இருப்பது அதற்காகத்தான். காய்ந்த தாளை ஜெலட்டின் பசையில் முக்கி மறுபடி காயவைப்பார்கள். அந்தப் பசை இல்லாவிட்டால் மை ஊறிப் பரவிவிடும். மையொற்றித் தாளில் எழுதிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஏன் உதிரவில்லை?

கண்ணாடிப் பெட்டிக்குள் சில நூற்றாண்டு வயதான தாள்கள் இருந்தன. லேசான பழுப்பு. ஓரம் கூட உடையவில்லை. அத்தை கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நான் எழுதின புத்தகம் முப்பது வருஷத்துல போச்சு. இது எப்படி இருக்கு?"

கேள்வி சின்னது. பதிலை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டு பீரோவிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

கந்தல் காகிதத்தின் நார் நீளமானது. லினனும் பருத்தியும் கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். கந்தலை மட்கவைக்கப் பல ஆலைகளில் சுண்ணாம்பு சேர்த்தார்கள். அமால்ஃபிக்குப் பின்னால் நிற்கும் லத்தாரி மலை வேறு சுண்ணாம்புக்கல் மலை, அதில் இறங்கி வரும் தண்ணீரில் கால்சியம் உண்டு. காகிதத்துக்குள் தங்கும் அந்தச் சுண்ணாம்பு, காற்றிலிருந்து வரும் அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு காலம் மாறியது. 1799-ல் பிரான்சில் லூயி நிக்கோலா ரோபேர் என்பவர், முடிவில்லாத சுருளாகக் காகிதம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஜெலட்டினுக்குப் பதிலாகக் குங்கிலியத்தையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறை வந்தது. வேலை சுலபம், ஆனால் படிகாரம் அமிலத்தன்மை உடையது. பத்திரிகையும் பள்ளிக்கூடமும் பெருகப் பெருக, கந்தல் போதவில்லை. 1840-களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கக் கற்றுக்கொண்டார்கள். அரைத்த மரத்தில் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். வெயில் பட்டால் மஞ்சளாகும், உடையும். ஆக, 1850-க்குப் பிந்தைய ஏராளமான காகிதம் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் மருந்தை வயிற்றில் வைத்துக்கொண்டே பிறந்தது. 1980-களுக்குப் பிறகுதான் அமிலமில்லாக் காகிதம் பரவலாக வந்தது.

மரக்கூழைத் திட்ட எனக்கு மனசில்லை. அது வந்திருக்காவிட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண் அத்தை, நோட்டு வாங்கிப் படித்து அரசாங்க வேலைக்குப் போயிருக்க முடியாது. வாரப் பத்திரிகை என்று ஒன்றும் இருந்திருக்காது. கையால் தூக்கிய தாள், காசு உள்ளவர்களின் தாள்.

அத்தையின் கேள்வி இன்னொன்றை நோக்கிப் போனது. அவரிடம் பாட்டி எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. மடிப்பில் எல்லாம் விட்டுப்போய், நாலாகப் பிரிகின்றன. "லேமினேட் பண்ணிடலாம்னு உங்க அண்ணன் சொல்றான்."

வேண்டாம். நிச்சயமாக வேண்டாம். லேமினேஷன் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. அமிலம் உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்யும், பின்னால் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் அதைவிட மோசம், சில வருடங்களில் பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். மடித்ததை மெதுவாகப் பிரித்து, தட்டையாக, அமிலமில்லாத் தாளுக்கு நடுவே வையுங்கள். பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், அதன் அமிலம் இதற்கும் ஏறும். சமையலறைப் பரணும் ஈரச் சுவர் பீரோவும் ஆகாது. முதல் வேலையாக இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். உடைந்ததை மறுபடி புதிதாக்க முடியாது, உடைவதைத் தாமதப்படுத்தலாம். புதுப் பத்திரத்துக்கு மூலையில் மஞ்சள் வைப்பதை மட்டும் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு துளிதானே, போகட்டும்.

வெள்ளம் வந்த இரவு

இவ்வளவு நல்ல காகிதம் செய்த ஊர் ஏன் அடங்கிப்போனது? ஒரு காரணம் நின்ற இடத்திலேயே தெரிகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே கைகளை நீட்டினால் முட்டும் போலிருக்கிறது. நீளமான இயந்திரம் எங்கே போடுவது? லாரி எங்கே திரும்புவது? எந்த மலையும் ஆறும் இவர்களுக்குச் சோறு போட்டதோ, அதே மலைதான் கையைக் கட்டியது.

ஆறும் ஒருநாள் கைவிட்டது. 1954 அக்டோபர் 25-ம் தேதி இரவு, சலேர்னோவிலும் இந்தக் கடற்கரை முழுவதும் பேய்மழை. மலை சரிந்தது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த காகித ஆலைகளில் பெரும்பாலானவை அந்த வெள்ளத்தோடு முடிந்துபோயின. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் மிஞ்சின.

மிஞ்சியவற்றில் ஒன்றின் சொந்தக்காரர் நிக்கோலா மிலானோ, பரம்பரையாகக் காகிதம் செய்த குடும்பம். இந்த இடத்தை ஓட்டலாக்கியிருந்தால் என்ன வருமானம் வந்திருக்கும் என்று அமால்ஃபியின் அறை வாடகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் 1969-ல் இதை அருங்காட்சியகமாக்கினார். சம்மட்டி, தொட்டி, திருகு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இன்றும் ஓடுகின்றன. இதே ஊரில் அமத்ரூதா குடும்பத்தின் ஆலை இன்னும் வியாபாரத்துக்குக் காகிதம் செய்துகொண்டிருக்கிறது. திருமண அழைப்பிதழ், ஓவியத் தாள், கடிதத் தாள் என்று போகிறது.

நம் பக்கமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 1710-களில் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்குவுக்கும் அவருடைய குழுவுக்கும் பெரிய தலைவலி காகிதம்தான். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். எழுத்தின் அளவைச் சிறிதாக வார்த்துத் தாளை மிச்சப்படுத்தினார்கள். கடைசியில் பக்கத்துப் பொறையாறில் சொந்தமாக ஒரு காகித ஆலையே தொடங்கினார்கள். பொறையாறு என்றதும் அத்தை, "நம்ம பொறையாறா? எத்தனை தடவை பஸ்ல போயிருக்கேன்!" என்று ஆச்சரியப்பட்டார். இன்றைக்குக் கைக்காகிதம் தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இத்தாலிவரை வர வேண்டாம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இருக்கிறது. அங்கேயும் கச்சாப்பொருள் பருத்தித் துணிதான்.

வெளியே வரும் வழியில் கடை. கல்யாண அழைப்பிதழ், தோல் அட்டை போட்ட குறிப்பேடு, பூவிதழ் பதித்த தாள். எல்லாம் யூரோவில், எல்லாம் மனசு திக்கென்னும் விலை. அத்தை எதையும் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த வெறும் வெள்ளைத்தாளை ஒன்று எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீர்க்குறி பார்த்தார். விரலால் ஓரத்தை வருடினார். பிறகு கடைப்பெண்ணிடம் மாதிரித் தாள் கேட்டு வாங்கி, தன் பையிலிருந்த மை பேனாவால் தமிழில் பெயரை எழுதி, ஒரு நிமிடம் காத்திருந்து திருப்பிப் பார்த்தார். மை மறுபக்கம் ஊறவில்லை.

"நாலு தாள் குடுக்கச் சொல்லு."

"எதுக்கு அத்தை?"

"உயில் எழுதணும். எத்தனை வருஷமா தள்ளிப்போடறேன்."

"அதுக்கு முத்திரைத்தாள் வாங்க வேண்டாமா?"

முப்பது வருடமும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பார்வை ஒன்றைப் பார்த்தார். "உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பரே தேவையில்லடி. வெள்ளத்தாள் போதும். ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ரிஜிஸ்டர் பண்றதுகூட கட்டாயம் இல்ல. ஆனா நான் பண்ணிடுவேன். எங்க ஆபீஸ்லயே, 3-ம் புத்தகத்துல ஏறணும்."

கல்யாணம் செய்துகொள்ளாத அத்தைக்குக் கும்பகோணத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. எல்லோரும் யோசிக்கிறோம். யாருக்கு எழுதப்போகிறார் என்று கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. மூன்று தாள் உயிலுக்கு, ஒன்று தப்பாகப் போனால் மாற்றுக்கு என்று கணக்குச் சொன்னார்.

கடைப்பெண் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடப் போனபோது அத்தை பதறித் தடுத்தார். மடிக்கக் கூடாது, சுருட்டவும் கூடாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டச் சொன்னார். அந்தக் கட்டு என் லேப்டாப் பைக்குள் போனது. லேப்டாப் என் கைக்கு வந்தது. சலேர்னோ போகும் படகில் தண்ணீர் தெறிக்கும் என்று, கடல் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு உள்ளே நடுவில் உட்கார்ந்துகொண்டார்.